கம்பியை அகற்றினால் போதுமா?

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

'கம்பி இல்லாதது' என்ற சொல்லுக்கு இன்று தனி மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. கம்பி இல்லாத ஒலிபெருக்கி, கம்பி இல்லாத விசைப்பலகை என்று கடைக்காரர் அடுக்கும்போது, கம்பியுள்ளது பழையது, கம்பியில்லாதது சிறந்தது என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். அது சரிதானா? அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு கணிப்பொறியின் வரலாறு இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது.

1983 நவம்பர் 1 அன்று ஐ.பி.எம். நிறுவனம் 'பி.சி. ஜூனியர்' என்னும் கணிப்பொறியை அறிவித்தது. வீடுகளையும் பள்ளிகளையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்ட அதன் தொடக்க விலை 669 டாலர். அதன் பெரும் புதுமை விசைப்பலகைதான். 62 விசைகள் கொண்ட அப்பலகைக்கும் கணிப்பொறிக்கும் இடையே கம்பியே கிடையாது. நான்கு பென்சில் பாட்டரிகள் போதும். நாற்காலியில் சாய்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதலாம்.

இது எவ்வாறு இயன்றது? 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியின் நிறமாலையில் சிவப்புக்கு அப்பால், வெறுமையாகத் தோன்றிய இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். அங்கும் வெப்பம் ஏறியது. கண்ணுக்குப் புலப்படாத அந்த அகச்சிவப்புக் கதிர்தான் இங்கே தூது செல்கிறது. நாம் ஒரு விசையை அழுத்தினால், பலகைக்குள் இருக்கும் சிறு நுண்செயலி அந்த விசைக்குரிய எண்ணை எட்டு பிட்டுகளாக்குகிறது. முன்னே ஒரு தொடக்க பிட்டையும் பின்னே ஒரு சரிபார்ப்பு பிட்டையும் சேர்த்து ஒளித்துடிப்புகளாக அனுப்புகிறது.

ஆனால் வெயிலிலும் மின்விளக்கிலும் கூட அகச்சிவப்பு உண்டல்லவா? அதனால்தான் இத்துடிப்புகள் வினாடிக்குச் சுமார் 40,000 முறை விட்டுவிட்டு ஒளிரும்படி அமைக்கப்பட்டன. திருவிழா இரைச்சலிலும் மேளத்தின் தாளத்தை நம் காது பிரித்தறிவதைப் போல, ஏற்பி அந்த அதிர்வை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்கிறது. அழகான இயற்பியல்! இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். என் கருத்து வேறுபாடு இதற்குப் பின்புதான் தொடங்குகிறது.

கம்பி செய்த மூன்று வேலைகள்

சாதாரணக் கம்பி ஒன்று ஓசையின்றி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, பலகைக்கு மின்சாரம் தருகிறது. இரண்டாவது, 'இந்தப் பலகை இந்தக் கணிப்பொறிக்கு உரியது' என்று உறுதி செய்கிறது. மூன்றாவது, செய்தி செல்லும் பாதைக்குப் பொறுப்பேற்கிறது.

பி.சி. ஜூனியரில் முதல் வேலையைப் பாட்டரி ஏற்றது. இரண்டாவது வேலையை யார் ஏற்றார்கள்? ஒருவரும் இல்லை. எல்லாப் பலகைகளும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்பின. உரிமையாளரின் அடையாளம் எதுவும் அதில் இல்லை. ஒரே கணிப்பொறி உள்ள வீட்டில் இது குறையாகத் தெரியாது. பல கணிப்பொறிகள் உள்ள வகுப்பறையிலோ, ஒரு மாணவன் அழுத்திய எழுத்து அடுத்த மாணவனின் திரையில் போய் விழலாம்!

மூன்றாவது வேலையும் அந்தரத்தில் நின்றது. குறுக்கே ஒரு புத்தகம் இருந்தாலோ, பலகை வேறு திசையில் திரும்பினாலோ ஒளி போய்ச் சேராது. சரிபார்ப்பு பிட் பிழையைக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் 'மறுபடி சொல்' என்று கேட்கக் கணிப்பொறிக்கு வாய் இல்லை. கேட்டாலும் பலகைக்குக் காது இல்லை. தவறிய எழுத்து தவறியதுதான்.

பிரகாசமான ஒளியுள்ள இடங்களிலும், பல கணிப்பொறிகள் கூடியுள்ள இடங்களிலும் பயன்படுத்துவதற்கென்று அந்நிறுவனமே ஒரு கம்பியைத் தனியாக விற்றது. அதைச் செருகினால் பாட்டரியின் வேலையும் அகச்சிவப்பின் வேலையும் நின்றுவிடும். கம்பியை அகற்றிப் புகழ் பெற்ற பொருளுக்கு மீண்டும் கம்பியே மருந்தாயிற்று!

1985 மார்ச்சில் பி.சி. ஜூனியரின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதற்கு விலை, விசைகளின் வடிவம் முதலிய பல காரணங்கள் உண்டு. பழி முழுவதையும் அகச்சிவப்பின் மேல் போடுவது நியாயமாகாது.

யார் மீது சந்தேகம்?

எழுத்து ஒன்று தவறினால் யாருக்கு என்ன நட்டம் என்று நண்பர்கள் கேட்கலாம். வீட்டில் கணிப்பொறி உள்ளவன் எழுத்து விழவில்லையென்றால் பலகையைச் சந்தேகிப்பான். வாரத்தில் சில மணி நேரம் கல்லூரி ஆய்வகத்தில் மட்டுமே கணிப்பொறியைத் தொடும் என் போன்றவனோ தன்னையே சந்தேகிப்பான். 'எனக்கு இது வராது போலும்' என்று கையை இழுத்துக்கொள்வான். கருவியின் குறை, கற்பவனின் குறையாக வேடமிட்டு வருகிறது. புதிதாகக் கற்போருக்கு எளிமையானதைக் காட்டிலும் நம்பகமானதே தேவை என்று நான் வாதிடுவது இதனால்தான்.

தொலைக்காட்சிக்கு அதே அகச்சிவப்பு மிகப் பொருத்தமாக இருக்கிறதே என்றால், ஆம். அலைவரிசை மாறவில்லையென்றால் கண்ணெதிரே தெரியும். இன்னொரு முறை அழுத்துகிறோம். ஒரு பக்கம் எழுதும்போது ஒவ்வோர் எழுத்தையும் அவ்வாறு காவல் காக்க முடியுமா?

இன்றைய கம்பியில்லாப் பலகைகள் பெரும்பாலும் ரேடியோ அலைகளைப் பயன்படுத்துகின்றன. புளூடூத் முறையில் பலகையும் கணிப்பொறியும் முதலில் இணை சேர்கின்றன. செய்தி கிடைத்ததென்று மறுமொழியும் உண்டு. கம்பியின் இரண்டாவது, மூன்றாவது வேலைகளை இங்கே மென்பொருள் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அகச்சிவப்பு சுவரைத் தாண்டாது, ரேடியோ தாண்டும். மலிவு விலைப் பலகைகள் சில, எழுத்துகளை மறைகுறியாக்கம் செய்யாமல் அப்படியே அனுப்பியதை 2016-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அப்பலகையில் அடித்த கடவுச்சொல்லைத் தொலைவில் இருப்பவரும் கேட்கலாம்! கம்பிக்கு இரகசியம் காத்தல் என்னும் நான்காவது வேலையும் இருந்ததை அப்போதுதான் பலரும் உணர்ந்தனர்.

ஆகவே, பல கணிப்பொறிகள் நெருங்கி நிற்கும் கல்லூரி ஆய்வகங்களில் கம்பியுள்ள விசைப்பலகையே இருக்கட்டும் என்பது என் துணிபு. இது பழமைப் பற்று ஆகாது. எந்தப் புதுப்பொருள் வந்தாலும், 'பழையது என்னென்ன வேலை செய்தது? அவற்றை இப்போது யார் செய்கிறார்கள்?' என்று கேட்கப் பழகுவோம். கம்பியை வெட்டக் கத்தரிக்கோல் போதும். அது சுமந்த பொறுப்புகளைச் சுமக்கத்தான் அறிவியல் வேண்டும்.