பனிமலையில் தொலைந்த மொழி

நெய்யாற்றின்கரைப் பகுதியின் பெருங்கடவிளையில் பிறந்தவர் திரைப்பட இயக்குநர் சனல்குமார் சசிதரன். 2015இல் வந்த அவரது 'ஒழிவுதிவசத்தே களி'யில் ஐந்து நண்பர்கள் இடைத்தேர்தல் நாளில் காட்டு பங்களாவில் குடிக்கிறார்கள். ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டெடுத்து விளையாடுகிறார்கள். திருடன் சீட்டு தலித் நண்பனுக்கு விழுகிறது. விளையாட்டு தூக்குக் கயிற்றில் முடிகிறது. கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. அவரது 'செக்ஸி துர்கா'வை 2017இல் கோவா திரைப்பட விழாவிலிருந்து ஒன்றிய அரசு நீக்கியபோது ஜனநாயக சக்திகள் அவர் பக்கம் நின்றன.

அத்தகைய கலைஞரின் 'கயற்றம்' பெரும் ஏமாற்றம். 2019இல் இமாச்சலத்தில் கைப்பேசியால் படமாக்கப்பட்டு, 2020இல் பூசான் விழாவில் திரையிடப்பட்ட படம் இது. மாயா என்னும் பெண் மலையேறுகிறாள். அவள் யார் என்பது புதிர். புதிருக்குப் பின்னால் மனிதரைத் தேடினால் பனிமூட்டமே மிஞ்சுகிறது. ஒளிப்பதிவுக்குச் சந்துரு செல்வராஜ் பெற்ற மாநில விருது தகுதியானதே. ஆனால் அழகிய மலைச்சரிவு எவ்வளவு நேரம்தான் கதையைச் சுமக்கும்?

இமயத்துக்குப் போனது குற்றமன்று. மக்கள் பணத்தில் எடுத்த 'ஒராள்ப்பொக்கம்' படத்தில் அவரே உத்தரகண்ட் வெள்ளத்தின் அழிவுக்குள் தம் நாயகனை நடத்திச் சென்றார். அங்கே மலைக்கு வரலாறு இருந்தது. 'கயற்றம்' குழுவே 2019 ஆகஸ்டில் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் சத்ருவில் சிக்கி மீட்கப்பட்டது. அந்த இமயத்தின் நடுக்கம் திரையில் தென்படவில்லை.

இப்படத்துக்கென்றே ஒரு மொழி புனையப்பட்டு, அதில் பாடல்களும் இயற்றப்பட்டன. யாரும் பேசாத மொழிக்கு இத்தனை உழைப்பு! இயக்குநரின் சொந்த வட்டத்திலோ பேசப்படும் மொழிக்கே திரையில் இடமில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. போராட்டக்காரர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குக் கூலி வேலைக்கும் சந்தைக்கும் வருபவர்கள் ஒரே வாக்கியத்தில் இரு மொழிகளையும் கலந்து பேசுகிறார்கள். மலையாளப் படங்களில் அப்பேச்சு பெரும்பாலும் கேலிக்குரியது. தமிழ்ப் படங்களும் அதை மதித்ததில்லை.

கேரளத்தின் ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். எல்லையின் இப்புறத்து வாழ்வை அவ்வளவு கூர்மையாகப் பார்க்க மலையாளக் கலைஞர் ஒருவரால் முடிந்தது. பெருங்கடவிளையிலிருந்து களியக்காவிளைக்குப் பனிமலை ஏற வேண்டியதில்லை, பேருந்து போகிறது.