ரசிகர்களின் சீற்றமும் கிரிக்கெட் நிர்வாகமும்

2024 ஜூலை 30 ஆம் திகதி பல்லேகல மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக நடைபெற்ற மூன்றாவது இருபது-20 போட்டியில் இலங்கை அணி வெற்றி பெறுவதற்கு 12 பந்துகளில் 9 ஓட்டங்கள் தேவைப்பட்டன. கைவசம் 6 விக்கெட்டுகள் இருந்தன. வழமையாகப் பந்துவீசாத ரிங்கு சிங்கும் அணித்தலைவர் சூரியகுமார் யாதவும் வீசிய அந்த இரு ஓவர்களில் 4 விக்கெட்டுகளைப் பறிகொடுத்த இலங்கை அணி, 8 ஓட்டங்களை மாத்திரமே பெற்றது. சமநிலையில் முடிவடைந்த போட்டியைத் தீர்மானிப்பதற்காக வீசப்பட்ட சுப்பர் ஓவரில் 2 ஓட்டங்களுக்குள் இரு விக்கெட்டுகளும் வீழ்ந்தன. இந்திய அணி தனது முதற் பந்திலேயே வெற்றியைப் பெற்றுக்கொண்டது.

விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் இயல்பானவை என்பதை இந்நாட்டின் கிரிக்கெட் ரசிகர்கள் அறியாதவர்களல்லர். பலம் வாய்ந்த அணியொன்றிடம் போராடித் தோற்றுவிட்டு வரும் வீரர்களை அவர்கள் ஒருபோதும் தூற்றியதில்லை. அவர்களைச் சினங்கொள்ள வைப்பது தோல்வியல்ல, தோற்கும் விதமே ஆகும். 2023 செப்டெம்பர் 17 ஆம் திகதி, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் சொந்த நாட்டு ரசிகர்களின் முன்னிலையில் இடம்பெற்ற ஆசியக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை அணி 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மொஹமட் சிராஜ் ஒரே ஓவரில் 4 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். மாலை முழுவதும் போட்டியைப் பார்த்துக் களிப்பதற்காக நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள், இந்திய அணி 6.1 ஓவர்களில் வெற்றியிலக்கை எட்டியதையடுத்து, வந்த வழியே திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. ஆறு வாரங்கள் கழிந்த நிலையில், நவம்பர் 2 ஆம் திகதி மும்பை வான்கடே மைதானத்தில் அதே இந்திய அணியிடம் 55 ஓட்டங்களுக்குச் சகல விக்கெட்டுகளையும் இழந்து 302 ஓட்டங்களால் தோல்வி கண்டது. 2024 ஜூனில் நியூயோர்க்கில் தென்னாபிரிக்காவிடம் 77. அதே ஆண்டு நவம்பரில் டர்பனில் டெஸ்ட் போட்டியொன்றில் 42. இலங்கை டெஸ்ட் அந்தஸ்துப் பெற்ற பின்னர் பதிவான ஆகக்குறைந்த எண்ணிக்கை இதுவாகும். 1994 இல் கண்டியில் பாகிஸ்தானுக்கு எதிராகப் பெற்ற 71 ஓட்டங்களே அதுவரை அந்த இடத்தில் இருந்தது.

இத்தகைய ஒவ்வொரு சரிவின் பின்னரும் ஒரே நாடகம் மேடையேற்றப்படுவதை நாம் கண்டு வருகின்றோம். பயிற்றுநர் மாற்றப்படுகின்றார், தெரிவுக்குழு கலைக்கப்படுகின்றது, அமைச்சர் அறிக்கை விடுகின்றார், பாராளுமன்றத்தில் விவாதம் நடக்கின்றது. ரசிகனின் கோபம் சில நாட்களில் அரசியல்வாதிகளின் கைப்பொருளாகி விடுகின்றது. கோபத்துக்கான காரணம் மாத்திரம் தொடப்படாமலேயே இருந்து விடுகின்றது.

2023 நவம்பரில் நிகழ்ந்தவற்றைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும். வான்கடே தோல்வியையடுத்து கொழும்பு மேயிட்லண்ட் பிளேஸிலுள்ள ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனத்தின் தலைமையகம் முன்பாக ஆர்ப்பாட்டம் இடம்பெற்றது. நவம்பர் 6 ஆம் திகதி விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க, ஷம்மி சில்வா தலைமையிலான நிர்வாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் எழுவர் கொண்ட இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நியமனத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 9 ஆம் திகதி, நிர்வாகத்தை அகற்ற வேண்டுமெனக் கோரும் பிரேரணை பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. எந்த விடயத்திலும் ஒத்துப்போகாத ஆளுந்தரப்பும் எதிர்த்தரப்பும் அன்று மாத்திரம் ஒரே குரலில் பேசின. அடுத்த நாள் சர்வதேச கிரிக்கெட் சபை, அரச தலையீட்டைக் காரணங்காட்டி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. நவம்பர் 27 ஆம் திகதி அமைச்சரே பதவி நீக்கப்பட்டார். புதிய அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ இடைக்காலக் குழு தொடர்பான வர்த்தமானியை ரத்துச் செய்தார். 2024 ஜனவரி 28 ஆம் திகதி இடைநிறுத்தம் நீக்கப்பட்டது.

இந்த மூன்று மாத காலப் போராட்டத்தின் விளைவு என்ன? இலங்கையில் நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக்கிண்ணப் போட்டிகள் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டன. தமது சொந்த மண்ணில் உலகக்கிண்ணம் ஆடும் வாய்ப்பை இழந்தவர்கள், வான்கடேயில் ஒரு பந்தையேனும் சந்தித்திராத பாடசாலை மாணவர்கள். உலகக்கிண்ணத்தில் ஒன்பது போட்டிகளில் இரண்டில் மாத்திரம் வென்று ஒன்பதாம் இடத்தைப் பெற்றதனால் 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்கான தகுதியும் கைநழுவிப் போனது. பழைய நிர்வாகமோ இருந்த இடத்திலேயே இருந்தது. ஷம்மி சில்வா 2025 மார்ச்சில் மீண்டும் போட்டியின்றித் தலைவராகத் தெரிவானார்.

தனிநபர் ஒருவரைக் குறிவைப்பது எமது நோக்கமல்ல. அவர் நல்லவரா கெட்டவரா என்ற வாதத்தில் காலத்தைப் போக்கியதும் இந்த நாடு செய்த தவறுகளில் ஒன்று. 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுத்துறைச் சட்டம் அமைச்சருக்கு அளவுக்கு மிஞ்சிய அதிகாரத்தை வழங்குகின்றது. 1999 முதல் இந்த அதிகாரத்தின் கீழ் இடைக்காலக் குழுக்கள் பல வந்து போய்விட்டன. 2008 இலும் அர்ஜுன ரணதுங்கதான் நியமிக்கப்பட்டார். 2015 இல் சிதத் வெத்தமுனி நியமிக்கப்பட்டார். ஆட்சி மாறும் போதும் அமைச்சர் மாறும் போதும் குழுக்கள் மாறின. அரச தலையீடு காரணமாக 2019 இல் சிம்பாப்வே இடைநிறுத்தப்பட்டதைப் பார்த்த பின்னரும் எமது ஆட்சியாளர்கள் பாடம் படிக்கவில்லை.

மறுபுறத்தில், அரச தலையீடு கூடாதென்ற சர்வதேச சபையின் விதி, நிர்வாகிகளுக்குக் கவசமாகி விடுவதையும் மறுப்பதற்கில்லை. கடந்த காலத் தேர்தல்களில் இந்நாட்டு கிரிக்கெட்டின் தலைவிதியைத் தீர்மானித்தவை சுமார் நூற்று நாற்பது வாக்குகள். கழகங்களும் மாவட்ட, மாகாண சங்கங்களுமே அவ்வாக்குகளின் உரித்தாளர்கள். இருபத்திரண்டு மில்லியன் மக்களில் நுழைவுச்சீட்டு வாங்குபவனுக்கோ, தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அதன் மூலம் ஒளிபரப்பு உரிமைக்குப் பெறுமதி சேர்ப்பவனுக்கோ அங்கு இடமில்லை. 2024 முதல் 2027 வரையான காலப்பகுதியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 27 மில்லியன் டொலர் சர்வதேச சபையிடமிருந்து இலங்கைக்குக் கிடைக்குமெனச் செய்திகள் வெளியாகியிருந்தன. நாட்டிலுள்ள ஏனைய விளையாட்டுச் சங்கங்கள் கனவிலும் காண முடியாத தொகை அது. அந்தப் பணத்தைப் பகிர்பவர்களும், அதனைப் பெறும் கழகங்களும், பகிர்பவர்களைத் தெரிவு செய்யும் வாக்காளர்களும் ஒரே வட்டத்துக்குள் இருக்கும் வரை வாக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலென்ன, குறைத்தாலென்ன?

இதற்கும் துடுப்பாட்ட வீரர் ஆட்டமிழப்பதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். தொடர்பு நேரடியானது. ஆறு மாநில அணிகளுடன் அவுஸ்திரேலியா தனது முதல்தரப் போட்டிகளை நடத்துகின்றது. நூறு பேர் மோதும் இடத்தில் அறுபது, எழுபது பேருக்கே இடமுண்டு என்பதால் அங்கு ஒவ்வொரு இன்னிங்ஸும் சோதனைதான். அதைவிடப் பன்மடங்கு சிறிய இலங்கையில் ஒரு கட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் முதல்தர அந்தஸ்துடன் ஆடின. எந்தக் கழகத்தின் அந்தஸ்தைக் குறைத்தாலும் ஒரு வாக்கு எதிரணிக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எவராலும் கூற முடியாது. திறமை இவ்வாறு மெல்லியதாகப் பரவும் போது போட்டியின் தரம் தாழ்கின்றது. கழக ஆடுகளங்களிற் பெரும்பாலானவை சுழற்பந்துக்குச் சாதகமானவை. வேகமும் எழுச்சியும் கொண்ட பந்தைத் தனது நாட்டிற் காணாமலேயே ஓர் இளைஞன் ஆயிரக்கணக்கில் ஓட்டங்களைக் குவித்துத் தேசிய அணிக்குள் வந்து விடுகின்றான். பின்னர் டர்பனில் மார்கோ ஜான்சன் என்ற உயரமான இடதுகை வேகப்பந்து வீச்சாளரின் முன் நிற்கின்றான். 13 ரன்களுக்கு, அதாவது எமது வழக்கில் 13 ஓட்டங்களுக்கு, அவர் 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இலங்கையின் இன்னிங்ஸ் 13.5 ஓவர்களில் முடிந்தது.

சுழற்பந்து ஆடுகளமாவது எம்மைக் காப்பாற்றியதா என்றால் அதுவுமில்லை. 2025 ஜனவரி இறுதியில் காலியில் ஆரம்பமான டெஸ்ட் போட்டியில் அவுஸ்திரேலியா 6 விக்கெட் இழப்புக்கு 654 ஓட்டங்களைக் குவித்து, இலங்கையை 165 ஓட்டங்களுக்கும் 247 ஓட்டங்களுக்கும் வீழ்த்தியது. இன்னிங்ஸாலும் 242 ஓட்டங்களாலும் பெற்ற அத்தோல்வியே இலங்கையின் டெஸ்ட் வரலாற்றில் மிகப் பெரியது. அந்த ஆண்டு முழுவதிலும் இலங்கைக்குக் கிடைத்த டெஸ்ட் போட்டிகள் நான்கே. உள்ளூரிலும் கற்க முடியாமல் சர்வதேச அரங்கிலும் கற்க வாய்ப்பில்லாமல் துடுப்பாட்ட வீரன் எங்குதான் கற்பான்?

திறமை வற்றிவிட்டது என்று கூறுவோரின் கருத்தை நாம் ஏற்கவில்லை. சுப்பர் ஓவரில் 2 ஓட்டங்கள் பெற்ற அதே அணிதான் அடுத்த வாரம், 2024 ஓகஸ்டில், இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை 2-0 எனக் கைப்பற்றியது. 1997 க்குப் பின்னர் கிடைத்த வெற்றி அது. செப்டெம்பரில் லண்டன் ஓவல் மைதானத்தில் பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் பெற்ற 127 ஓட்டங்களின் துணையுடன் இங்கிலாந்தை வென்றது. அதே மாதத்தில் காலியில் நியூஸிலாந்தை இரு டெஸ்ட் போட்டிகளிலும் தோற்கடித்தது. கமிந்து மெண்டிஸின் துடுப்பாட்டத்தை உலகமே வியந்து பேசியது. இரண்டு மாதங்களின் பின்னர் 42. ரசிகனை அதிகம் வதைப்பது இந்த ஏற்ற இறக்கமே. முற்றாகக் கைவிட்டுவிடக் கூடிய அணியாக இருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

ரசிகர்களின் பக்கத்திலும் குறைகள் இல்லாமலில்லை. 2017 ஓகஸ்டில் தம்புள்ளையில் அணியினரின் பஸ் வண்டியை மறித்தமையும், பல்லேகலயில் மைதானத்துக்குள் போத்தல்களை எறிந்து ஆட்டத்தைத் தடைப்படுத்தியமையும் எவ்வகையிலும் நியாயப்படுத்தக் கூடியவையல்ல. ஆனால், அதே ரசிகர்கள்தான் 2022 ஜூனில், எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் காத்துக்கிடந்த ஒரு காலத்தில், பிரேமதாச மைதானத்தில் மஞ்சள் உடையணிந்து திரண்டு, நெருக்கடியிலும் தமது நாட்டுக்கு வந்து ஆடிய அவுஸ்திரேலிய அணிக்கு நன்றி தெரிவித்தவர்கள். அத்தகைய மக்களுக்கு நிர்வாகம் பட்டிருக்கும் கடன் சிறியதல்ல.

வடக்கு, கிழக்கு மக்களுக்கும் தேசிய அணிக்கும் இடையிலான உறவு யுத்த காலத்தில் எளிதானதாக இருக்கவில்லை என்பது இரகசியமல்ல. எனினும், கிரிக்கெட் மீதான பற்று அங்கு எப்போதும் குன்றியதில்லை. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும் போர் 1904 இல் ஆரம்பமானது. இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி 1982 இல் நடைபெற்ற சரவணமுத்து மைதானம், தமிழ் யூனியன் கழகத்துக்குரியது. அந்தக் கழகத்தின் தொப்பியை அணிந்த முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். பர்வீஸ் மஹ்ரூப் தேசிய அணியின் சகலதுறை வீரராகத் திகழ்ந்தார். ஆயினும், இவர்களெல்லாம் கண்டி, கொழும்புப் பாடசாலைகளின் வழியாக வந்தவர்கள். யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வென்றது. அந்த ஆண்டுகளில் ஒரு போட்டியேனும் யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. விஜயகாந்த் வியாஸ்காந்த் அவ்வணியில் அறிமுகமாகி, 2024 இல் ஐ.பி.எல். வரை சென்றார். அவருக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர், கொழும்புக்கு வர வசதியின்றி ஊர் மைதானங்களிலேயே நின்றுவிட்டனர் என்பதைக் கணக்கிட எவரும் முற்படவில்லை. மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார் இளைஞர்களின் நிலையும் இதுவே.

2025 செப்டெம்பர் முதலாம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான அடிக்கல்லை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நாட்டினார். இதனை வரவேற்பதில் எமக்குத் தயக்கமில்லை. ஆனால், ஆண்டில் ஓரிரு சர்வதேசப் போட்டிகளுக்காக மாத்திரம் அது திறக்கப்படுமானால் யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பது ஒரு கட்டடமேயாகும். ஐந்து அல்லது ஆறு மாகாண அணிகள், அவற்றுக்கு வாரக்கணக்கிலான முதல்தரப் போட்டிகள், வேகத்துக்கு ஈடுகொடுக்கும் ஆடுகளங்கள், வடக்கிலும் கிழக்கிலும் பிறந்தவர்களுக்கு அந்த அணிகளில் உண்மையான இடம் என்பன முதலில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். 2022 இல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய சுப்பர் லீக்கில் யாழ்ப்பாணம் என்ற பெயரில் அணியொன்று இருந்தது. பெயர் இருந்தது, வேர் அங்கிருக்கவில்லை.

விளையாட்டுத்துறைச் சட்டத்தைத் திருத்தி அமைச்சரின் கலைக்கும் அதிகாரத்தை மட்டுப்படுத்துவதும், அதற்கு ஈடாகக் கிரிக்கெட் நிறுவனத்தின் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரளவிலான கழகங்களை அகற்றி, முன்னாள் வீரர்களுக்கும் சுயாதீனமானவர்களுக்கும் நிர்வாக சபையில் ஆசனங்களை ஒதுக்குவதும் ஒரே சட்டமூலத்தில் செய்யப்பட வேண்டியவை. ஒன்றை விடுத்து மற்றொன்றைச் செய்தால் அமைச்சரின் ஆட்கள் இருந்த இடத்தில் கழகங்களின் ஆட்கள் அமர்வர், அல்லது இவர்கள் இருந்த இடத்தில் அவர்கள் அமர்வர். 2023 நவம்பர் 9 ஆம் திகதி நிர்வாகத்தை வெளியேற்றுவதற்காக ஒரே நாளில் ஏகமனதாகக் கையுயர்த்த முடிந்த பாராளுமன்றத்துக்கு, இந்தச் சட்டமூலத்துக்காக ஒரு நாளை ஒதுக்குவது இயலாத காரியமாக இருக்க முடியாது.