வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது

தேர்வு முடிவில் பிழை இருப்பதாக ஒரு மாணவி பல்கலைக்கழக அலுவலகத்துக்குச் செல்கிறார். “அதெல்லாம் கம்பெனியிடம் இருக்கிறது” என்கிறார் எழுத்தர். கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தால், “பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தால்தான் திருத்த முடியும்” என்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை. சேர்க்கை, கட்டணம், தேர்வு, சான்றிதழ் என அன்றாட நிர்வாகத்தையும் கணினிப் பணிகளையும் வெளிமுகமையிடம் ஒப்படைத்துவிட்ட நிறுவனத்தில், பதில் சொல்லும் கடமை எவரிடமும் இல்லாமல் போகிறது.

இது வெற்று அச்சமன்று. 2017-இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். விடைத்தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்தும் முறையை அவசரமாகப் புகுத்தினார்கள். அதன் தொழில்நுட்பப் பணியைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 477 தேர்வுகளின் முடிவுகள் சிக்கலில் மாட்டின. வேந்தரான ஆளுநர் விதித்த ஜூலை 31 கெடுவும் கடந்தது. செப்டம்பர் வரை மாணவர்கள் காத்துக் கிடந்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கப்பட்டார். ஒப்பந்தத்தால் வேலைதான் கைமாறியது, பொறுப்பு கைமாறவில்லை என்பதற்கு அந்தப் பதவி நீக்கமே சான்று. ஆனால் பொறுப்பு நினைவுக்கு வந்தபோது மாணவர்களின் காலம் கடந்திருந்தது.

“பல்கலைக்கழகங்களுக்குத் தொழில்நுட்பத் திறன் இல்லையே, வேறு என்ன செய்வது?” என்று கேட்கிறார்கள். பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விட்டுவிட்டு, பிறகு திறன் இல்லை என்று கைவிரிப்பது எவ்வகை நியாயம்? திறன் தானாக அழிவதில்லை, பயன்படுத்தாததால் அழிகிறது. தன் தரவுத்தளம் எப்படி இயங்குகிறது என்று அறியாத நிறுவனத்தால் ஒப்பந்ததாரரை மேற்பார்வையிடவும் முடியாது, மாற்றவும் முடியாது. அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளை எழுதக்கூட அது ஒப்பந்ததாரரின் உதவியைத்தான் நாடும்.

வெளிமுகமையே கூடாது என்பதன்று என் வாதம். கடவுச்சீட்டு சேவை மையங்களைப் பாருங்கள். முதல் முகப்பில் ஆவணங்களையும் கைரேகையையும் பதிவு செய்பவர்கள் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் ஊழியர்கள். சரிபார்ப்பதும் வழங்க முடிவெடுப்பதும் அரசு அலுவலர்கள். கோடு எங்கே விழ வேண்டும் என்பது அங்கே தெளிவாக இருக்கிறது. வங்கிகளுக்கும் அப்படியொரு கோடு உண்டு. தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியே கொடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகள், பணியை யாரிடம் கொடுத்தாலும் வங்கியின் கடமை குறையாது என்கின்றன. வாடிக்கையாளர் குறைதீர்ப்பு வங்கியின் பொறுப்பே. தணிக்கை செய்யும் உரிமையும், விலகுவதற்கான திட்டமும் இருந்தாக வேண்டும். சேமிப்புக் கணக்குக்கு இவ்வளவு காவல் என்றால், ஒரு தலைமுறையின் மதிப்பெண்களுக்கு ஏன் இல்லை?

தன் விடைத்தாளைப் பார்வையிடும் உரிமை தேர்வெழுதியவருக்கு உண்டு என்று, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமைக்குக் கடமைப்பட்டது தேர்வை நடத்தும் அமைப்பு, ஒப்பந்ததாரரன்று. விடைத்தாள் வேறொருவரின் சர்வரில் இருக்கிறது என்பது அதற்குப் பதிலாகாது.

ஆகவே, ஆட்சிக்குழுக்களிலும் கல்விக்குழுக்களிலும் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தம் உங்கள் மேசைக்கு வரும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். தரவு யாருக்குச் சொந்தம், தவறு நேர்ந்தால் எந்த அலுவலர் எத்தனை நாளில் பதில் சொல்வார், நிறுவனம் விலகினால் மறுநாள் பணி எப்படி நடக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பொதுவில் வையுங்கள். விடை இல்லையென்றால் கையொப்பமிடாதீர்கள். எழுத்தரின் முகப்புக்கும் உதவி எண்ணுக்கும் இடையே அலையும் அந்த மாணவிக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அதுவே.