லைன்மேனுக்கு வகுப்பறையில் ஒரு நாற்காலி

நான்காம் வகுப்பில் பறவைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “கரண்ட் கம்பியில காக்கா உக்காருதே, அதுக்கு ஏன் சார் ஷாக் அடிக்கல?” என்று ஒரு சிறுமி கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். அவளுக்குத் திருப்தி இல்லை. அடுத்த வாரம் ஊர் லைன்மேனை அழைத்தேன். ரப்பர் கையுறையோடு வந்தார். “காக்கா ரெண்டு காலையும் ஒரே கம்பியில வச்சிருக்கும்மா. வௌவால் றெக்கையை விரிச்சா பக்கத்துக் கம்பியையும் தொட்டுடும். அதான் செத்துத் தொங்குது” என்றார். பிள்ளைகள் அந்தக் கையுறையை மாறி மாறி மாட்டிப் பார்த்தார்கள். நான் சொன்னதும் அதே அறிவியல்தான். ஆனால், அவர் அந்தக் கம்பத்தில் ஏறியவர்.

நம் தொடக்கப் பள்ளிகளுக்கு விருந்தினர் வராமலில்லை. ஆண்டு விழாவுக்கும் கல்வி வளர்ச்சி நாளுக்கும் வருகிறார்கள். சால்வை போடுகிறோம். நன்றாகப் படிக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆறு வயதுக் குழந்தை அந்த அரை மணி நேரத்தில் ஒரு கேள்வி கேட்க வழியில்லை. நான் கேட்பது வேறு வகை விருந்தினரை.

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இந்த அறிவு உள்ள ஒருவர் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு பேசலாம்! சாரைக்கும் நாகத்துக்கும் என்ன வேறுபாடு, எலி வளையை எப்படிக் கண்டுபிடிப்பது, கடித்த இடத்தைக் கீறாமல், கட்டுப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஏன் ஓட வேண்டும்? பாம்பு வகுப்புக்கு வர வேண்டாம்; மனிதர் வந்தால் போதும்.

இப்படி ஒரு முயற்சி அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அங்கே டூசான் நகரில் 1990-களின் தொடக்கத்தில் லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் பள்ளி ஆசிரியர்களும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போனார்கள். ஒரு மாணவன் மெக்சிகோ மிட்டாய் விற்பவன் என்று தெரியவந்ததும், அதையே பாடமாக்கினார் ஆசிரியை. மிட்டாய் செய்யத் தெரிந்த ஒரு தாய் வகுப்புக்கு வந்து செய்து காட்டினார். அந்தச் சமையலிலிருந்து ஆய்வும் கணக்கும் பிறந்தன.

இங்கே ஓர் அச்சம் எழும், எழத்தான் வேண்டும். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று எதிர்த்து, 1954-இல் கைவிடச் செய்த மண் இது. செருப்புத் தைப்பவரை அழைத்துவிட்டு, அவர் மகனைப் பார்த்து ‘உங்க அப்பா தொழில்’ என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அந்த ஒரு சொல்லே கொடுமை. அழைப்பது தொழிலைப் பிள்ளைக்கு மாட்டிவிட அல்ல. அந்த அறிவை வகுப்பின் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக்க. எனவே ஒரே தெருவிலிருந்து அழைக்காதீர்கள். செவிலியர், வங்கி ஊழியர், பேருந்து ஓட்டும் பெண், கிணறு தூர்வாருபவர் எல்லோரும் அதே நாற்காலியில் உட்காரட்டும்.

முன்தயாரிப்பு இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு விழாவாகிவிடும். ஒரு வாரம் முன்பே பிள்ளைகளின் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, வருபவரிடம் காட்டிவிடுங்கள். கையில் ஒரு பொருளோடு வரச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும். ஆசிரியர் வகுப்பை விட்டு நகரக் கூடாது. விருந்தினர் சொல்லும் வழக்குச் சொற்களைக் குறித்துக்கொண்டு மறுநாள் பாடத்தில் கொண்டுவர வேண்டும். பறவைகள் பாடத்தில் அன்று நான் அதைச் செய்யவில்லை. இன்றும் அந்த வருத்தம் உண்டு.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். யாருக்கு என்ன தெரியும் என்ற பட்டியலை அந்தக் குழுவே ஒரே கூட்டத்தில் போட்டுவிடும். ஆனால், தினக்கூலிக்குப் போகிறவர் பள்ளிக்கு வந்தால் அன்றைய வேலை போச்சு. பள்ளி மானியத்திலிருந்து அவருக்கு அந்த நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் கொடுக்கத் தலைமையாசிரியருக்கு அனுமதி வேண்டும்.

- கட்டுரையாளர், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்.