இடுப்பு வலிக்குப் பாய் போட்டு ஒரு பயிற்சி

கேள்வி: நடவு, களையெடுப்பு என்று குனிந்தே வேலை செய்யும் அம்மாவுக்கு ஆறு மாதமாக இடுப்பு வலி. தம்பி ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். நிலத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லை. வீட்டிலேயே யோகா செய்யலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர் வட்டம்

பதில்: செய்யலாம். முதலில் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட வலி. படுத்தே கிடந்தால் தசை இறுகும். வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டைப் பரிந்துரைக்கவில்லை.

தினமும் 10 நிமிடம் போதும். பாயில் மல்லாந்து படுத்து, மூச்சை விட்டபடி ஒரு முழங்காலை மார்புப் பக்கம் மெல்ல இழுக்க வேண்டும்; பிறகு மறுகால். அடுத்து, கையும் முழங்காலும் ஊன்றி, பூனைபோல முதுகை மேலே வளைத்து இறக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து முறை. வலி கூடினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நாள் முழுக்கக் குனிந்தால் இந்த 10 நிமிடம் ஈடுகட்டாது. வரிசை நடவு செய்தால் கோனோவீடரை நின்றபடியே தள்ளிக் களையெடுக்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. ஊர் செவிலியரிடம் கேட்கலாம்.

கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.