பெரியவருக்கு மட்டும் சொல்லாத நோய்

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், மனசு உடைஞ்சிடும்." புற்றுநோய்ப் பிரிவு வாசலில் மகன்கள் கெஞ்சும் இந்த வார்த்தையைப் பாசம் என்றே ஊர் நம்புகிறது. பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசம் பெரியவரின் கடைசி மாதங்களை அவரிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது.

வயிற்றுப் புண் என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள், கரண்டு என்று சொல்லிக் கதிர்வீச்சு வைக்கிறார்கள். டீக்கடைக்குத் தெரியும், பக்கத்துத் தெருவுக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். மாட்டின் நடையைப் பார்த்தே அதன் நோயைச் சொன்ன மனுஷருக்கு, தன் வேட்டி இடுப்பில் நிற்காதது புரியாதா? புரியும். பிள்ளைகள் தாங்கமாட்டார்களே என்று அவரும் வாய் திறப்பதில்லை.

இதைவிடக் கொடுமை, வைத்தியச் செலவுக்கு நிலத்தை விற்கும்போது நடக்கிறது. பத்திரம் அவர் பெயரில். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் விரலைப் பிடித்து ரேகை வைக்கிறார்கள். எந்த நோய்க்காக, எத்தனை நாள் ஆயுளுக்காகத் தன் காணி போகிறது என்று அவருக்குச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால், "வேண்டாம்பா, பேத்திக்கு வையுங்க" என்றிருக்கலாம். அந்த வாய்ப்பைப் பறிக்க நாம் யார்?

வலிக்கும் இதே கதிதான். மார்ஃபின் கொடுத்தால் புண்ணுக்கு எதற்கு இந்த மாத்திரை என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். கூடவே, அது சாகப்போகிறவர்களுக்கான மருந்து என்ற தவறான எண்ணம். அளவறிந்து, மலச்சிக்கலுக்கும் மருந்து சேர்த்துக் கொடுத்தால், வாய்வழி மார்ஃபின் மனிதரை எழுந்து உட்கார்ந்து பேச வைக்கும். மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கவே 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். எந்த எல்லைக்கு மேல் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நோயே தெரியாதவர் எதை எழுதிவைப்பார்?

அறிக்கையைத் தூக்கி முகத்தில் எறியச் சொல்லவில்லை. "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க ஐயா?" என்று முதலில் கேட்கலாம். "பையன்கிட்ட சொல்லுங்க" என்றால் அதுவும் அவர் முடிவு. கேட்காமலே மகனைத் தனியே கூப்பிடும் மருத்துவர்களுக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அவரைத் திண்ணையில் மறித்து, "உள்ளே எதுவும் பேசாதீங்க" என்று காதைக் கடிப்பதை நிறுத்துங்கள். அவர் கட்டிலருகே உட்காரட்டும். முதல் கேள்வியைப் பெரியவர் கேட்கட்டும்.