மாறாத பாட்டு எது?

டிசம்பர் பிறந்துவிட்டால் மலாக்காப் பட்டணத்துப் பேரங்காடிகளில் பனிச்சறுக்கு வண்டியின் மணிப்பாட்டு முழங்குகின்றது. தங்கா பத்துத் தோட்டப் புறத்துப் பிள்ளைகளும் அதையே பாடித் திரிகின்றனர். இது பொறாத பெரியோர் சிலர், முன்னோர் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டில் ஓரெழுத்தும் மாறலாகாதென்று வரிந்து கட்டிக்கொண்டு வருகின்றனர்.

மாறாத பாட்டு எது? அதை முதலில் காட்டட்டும்! சார்லஸ் வெஸ்லி 1739-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பிறப்புப் பாட்டின் முதலடியையே ஜார்ஜ் விட்பீல்ட் 1753-இல் மாற்றிவிட்டார். இன்று அதற்கு வழங்கும் மெட்டோ, அச்சுக்கலை வல்ல குட்டன்பர்க்கைப் போற்றி மெண்டெல்சன் 1840-இல் அமைத்தது; வில்லியம் கம்மிங்ஸ் என்பார் பின்னர் அதனை இப்பாட்டோடு பொருத்தினார். மேற்சொன்ன மணிப்பாட்டு 1857-இல் ஜேம்ஸ் பியர்பாண்ட் வெளியிட்டது. அதில் கிறிஸ்துவும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. குதிரைச் சவாரிதான் உண்டு.

தமிழில் நடந்ததைப் பார்ப்போம். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு முதலானோர் ஜெர்மானிய மெட்டுக்கே தமிழ்ச் சொற்களை இசைத்தனர். நமது இராக தாளத்தில், பல்லவி சரணங்களோடு கீர்த்தனை பாடியவர், 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார். 1820-களில் புதிதாக வந்த பாதிரிமார் சிலர் தமிழ்க் கீர்த்தனையைக் கோயிலினின்று விலக்க முற்பட்டபோது, அவர் அஞ்சாது வாதாடினார். அதற்காக அவருக்கு நம் வணக்கம். (1853-இல் அக்கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டவரும் ஒரு பாதிரியாரே, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப்!)

ஆனால், அன்பர்களே, சாஸ்திரியாரின் முறையீட்டில் வேறொன்றும் உண்டு. சாதியாரை ஒன்றாய்க் கலக்கச் சொன்னதையும் அவர் கொடுமைகளுள் ஒன்றாகவே எழுதினார். பாட்டைக் காத்த நாவே சாதியையும் காத்தது! பழமையை அப்படியே காப்போம் என்பார் இதற்கு யாது விடை கூறுவர்? இதையும் சேர்த்துக் காப்பரோ?

நிற்க. இளைஞர்க்கும் ஒரு சொல். மெட்டு எந்நாட்டதாயினும் குற்றமில்லை. ஆயின், செம்பனை நிழலில் வளர்ந்த பிள்ளை காணாத பனியை ஏன் பாடவேண்டும்? தொழுவத்திலே ஒரு குழந்தை பிறந்தது என்பதன் பொருள், தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு விளங்குவதுபோல் வேறு யாருக்கு விளங்கும்? விடியுமுன் பால்மரம் சீவப் போன பாட்டியும், மார்கழி மழையில் சேறான செம்மண் பாதையும் அப்பாட்டில் வரட்டும். கிதார் வேண்டுமானால் கிதார், தபேலா வேண்டுமானால் தபேலா.

வருகிற டிசம்பரில் வீடு வீடாகப் பாடப் போகும் கூட்டம் எந்த வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போகின்றது என்பதையும், ஓரெழுத்தும் மாறலாகாதென்னும் பெரியோர் சற்றே உடன்சென்று பார்க்கட்டும்.